வண்டிக்கு ஊற்றும் மருந்து

நான் வேலை செய்யும் சர்வீஸ் சென்டரில் பழைய கார்களுக்கென்று ஒரு பாட்டில் விற்கிறோம். பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று. இன்ஜினுக்குள் படிந்த கரியைக் கரைத்து வெளியே தள்ளுகிற திரவம். முன் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, வண்டியோடு வருகிறவர்களிடம் அதன் அருமை பெருமைகளைச் சொல்வது என் வேலை. இழுவை குறைந்துவிட்டது, புகை அடிக்கிறது என்று சொன்னால் உடனே ஆரம்பித்துவிடுவேன். முதலில் டேங்கில் இதை ஊற்றுங்கள், மேலே டீசலை நிரப்புங்கள், அப்போதுதான் நன்றாகக் கலக்கும், ஒரு நாள் நீளமாக ஓட்டுங்கள், மறக்காமல் ஃபில்டரை மாற்றுங்கள் என்பேன். தேய்ந்துபோன பாகத்தை இது சரிசெய்யாது என்பதையும் சொல்லிவிடுவேன். அதற்காக மேனேஜரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

எல்லாம் சொல்வேன், ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கிலிருந்து டிரைவர் வரை எல்லோரும் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். வண்டிக்கு மருந்து ஊத்திட்டியா என்று கேட்பார்கள். நான் மட்டும் அடிட்டிவ் என்பேன். கூட வேலை செய்கிறவர்கள், பொண்ணு பீட்டர் விடுது என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு அப்போது ஏழு வயது. திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவிடம் ஒரு டீசல் அம்பாசடர் இருந்தது. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்தது, அதை நம்பித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் கொடியில் காயப்போட்ட துணியைக்கூட உதறித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு கரித்தூள் காற்றில் வரும். தெருவிலேயே நிற்கிற வண்டி வெள்ளையாக எப்படி இருக்கும்? அப்பா அதைத் தேரடி ஸ்டாண்டில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். பெண்ணழைப்புக்கு, பிரசவத்துக்கு, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போக, எதற்குக் கூப்பிட்டாலும் போவார். ஐந்து பேர் போகிற வண்டியில் ஒன்பது பேர் போவார்கள்.

அப்பாவுக்கு இருமல் இருந்தது. சாதாரண இருமல் இல்லை, இருமி முடித்த பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு பூராவும் கரி படிந்திருக்கிறது, பீடியை விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "நெஞ்சு பூரா கரியாம்" என்று தன் மார்பில் கையை வைத்துக் காட்டுவாள். அப்பா பீடியை விட்டார். இருமல் அவரை விடவில்லை.

அதே சமயத்தில் வண்டியும் புகைய ஆரம்பித்தது. கிளப்பினால் சந்தே இருட்டிக்கொள்ளும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் வாங்க வண்டியைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் புகையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் வண்டி ரோட்டில் ஓட முடியாது. அப்பா என் மாமாவுக்குச் சொல்லியனுப்பினார். மாமா அம்மாவின் தம்பி, தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்தார். வந்தவர் பானட்டைத் திறந்து, சைலன்சருக்குள் விரலை விட்டு எடுத்து அப்பாவுக்குக் காட்டினார். விரல் கறுப்பாக இருந்தது.

"இன்னா மச்சான் இது, உள்ள பூரா கரி ஏறிகினு கீது. இன்ஜின இறக்கினா பெரிய வேல. மருந்து ஊத்திப் பாக்கலாம்."

மறுநாள் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். சிவப்பு மூடி, உள்ளே தேன் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று. பாதியை டேங்கில் ஊற்றினார். மீதியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைச் சமையல்கட்டு ஜன்னலில், மண்ணெண்ணெய் கேனுக்குப் பக்கத்தில் வைத்தார். மாமா கிளம்பும்போது சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"மொதல்ல புகை ஜாஸ்தியாத்தான் வரும், அத்தப் பாத்து பேஜாராவாத. உள்ள கீற கலீஜெல்லாம் வெளிய வருதுன்னு அர்த்தம். நாலு நாளு கழிச்சிப் பாரு, வண்டி எப்பிடி ஓடுதுன்னு."

மாமா சொன்னபடியே நடந்தது. முதல் இரண்டு நாள் புகை குபுகுபுவென்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மாமா ஒரு நாள் வந்து ஃபில்டரை மாற்றிவிட்டுப் போனார். எஃப்.சி. கிடைத்தது. அன்றைக்கு அப்பா பூந்தி வாங்கி வந்து, வண்டியின் முன்பக்கம் தட்டிக்கொடுத்து, "பாத்தியா கண்ணு, கரியெல்லாம் போச்சு. இனிமே இருமாது" என்று என்னிடம் சொன்னார். வண்டியைத்தான் சொன்னார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. ஏழு வயதுப் பெண்ணிடம் யாரும் வார்த்தையை அளந்து பேசுவதில்லை.

தினமும் காலையில் அம்மா அப்பாவுக்கு ஒரு கஷாயம் வைத்துக் கொடுப்பாள். சுக்கு, மிளகு, ஆடாதோடை எல்லாம் போட்டுக் கன்னங்கரேலென்று இருக்கும். அதன் நாற்றம் தாங்காமல் அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூக்கையும் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார். எஃப்.சி. கிடைத்த மறுநாள் தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டு அம்மா டம்ளரை மேடைமேல் ஆற வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினாள். அப்பா வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்து, சிவப்பு மூடியில் ஒரு மூடி ஊற்றி, டம்ளரில் கலந்தேன். வண்டி பெரியது, பாதி பாட்டில். அப்பா சின்னவர், ஒரு மூடி. இந்த அளவுக்கு யோசித்த குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத மக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. விரலால் கலக்கிவிட்டேன்.

அப்பாவிடம் டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். டீசல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த வாசனை தனியாகத் தெரிந்திருக்காது. மூக்கைப் பிடித்தார், விழுங்கினார். பாதி இறங்கும்போதே புரையேறியது. பிறகு வந்த இருமலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கறுப்புக் கஷாயம் வாயிலும் மூக்கிலும் வந்தது.

எனக்குப் பயமே இல்லை. உள்ளே இருக்கிற கரி வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஜாஸ்தியாகத்தான் வரும். அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். சிவப்பு மூடி இன்னும் என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது அவர் என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அம்மா உப்புத் தண்ணீர் கரைத்து வந்து வாயில் ஊற்றினாள். வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று நல்லெண்ணத்தில் செய்தாள். எடுத்த வாந்தியில் கொஞ்சம் மறுபடி மூச்சுக்குழாயில் இறங்கியது. இந்த மாதிரி திரவம் உள்ளே போனால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்று பிறகு ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். வண்டி வாசலில் சுத்தமாகத் துடைத்து நின்றது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவில் போனோம்.

எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். "என்னம்மா குடிச்சார்?" என்று கேட்டார்.

"மருந்துங்க" என்றாள் அம்மா. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் புழங்கிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். அவளுக்கு வேறு பெயர் தெரியாது. "வண்டிக்கு ஊத்துற மருந்து. குடிச்சிட்டாருங்க."

டாக்டரின் பேனா நின்றது. நர்ஸ் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். நம் ஊரில் ஒருவர் மருந்து சாப்பிட்டார் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மருந்து குடித்துவிட்டார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மாவும் இந்த ஊர்க்காரிதான், அவளுக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்குச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

"வூட்ல சண்டையாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஐயோ இல்லீங்க, அது வந்து..." என்று சொல்லிக்கொண்டே அம்மா கீழே பார்த்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். ஆட்டோவில் வரும்போதே அப்பா தன் சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்து அவள் கையில் வைத்திருந்தார். ஒரு வார்த்தையும் பேச முடியாத நிலையில், என் பக்கம் கண்ணைக் காட்டியிருந்தார். அம்மா சொல்லத் தொடங்கியதை முடிப்பதற்குள் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நான்தாம்மா குடிச்சேன். யாரும் குடுக்கல."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று வளர்ந்த பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். குழந்தை கலந்துவிட்டது என்று சொன்னால் போலீஸ் நம்புமா? கஷாயம் வைத்தது யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வைத்தவள் அம்மா. பாட்டில் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் மனிதருக்கு இதெல்லாம் ஓடியிருக்கிறது.

மறுநாள் காலையில் ஏட்டு ஒருவர் வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மாதிரியான மனிதர். எதற்காகக் குடித்தாய் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அவரே, "தீராத வயித்து வலி, அப்பிடித்தானே?" என்றார். அப்பா தலையாட்டினார். தமிழ்நாட்டில் மருந்து குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் வயிற்று வலிதான் என்பதை நான் பேப்பர் படிக்க ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியவில்லை.

"அப்பாவுக்கு வயித்து வலி இல்ல. நெஞ்சுலதான் கரி" என்றேன்.

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரத்துக்குக் கன்றியிருந்தது. "அது சின்னப் புள்ளைங்க, எதுனா பேசும்" என்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வயிற்று வலி என்றே எழுதிக்கொண்டு போனார்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு சமயம், அப்பாவின் காதுக்கருகில் போய், "கரி போச்சாப்பா?" என்று கேட்டேன்.

"போச்சு கண்ணு. எல்லாம் போச்சு."

பிறகு என்னை இன்னும் கிட்டே இழுத்து, "நீ மருந்து குடுத்தத யாராண்டயும் சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது" என்றார். நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் சந்துக்கு அதன் பிறகு அடையாளம் சொல்வது சுலபமாகிவிட்டது. மருந்து குடித்தவர் வீட்டுக்கு எதிரில், மருந்து குடித்தவர் வீட்டுக்கு அடுத்த வீடு. ஸ்டாண்டில் அப்பாவைப் பெண்ணழைப்புக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. நல்ல காரியத்துக்கு அந்த வண்டி எதற்கு என்று நினைத்தார்கள். சுடுகாட்டு சவாரி மட்டும் குறையவில்லை. தன் பாட்டில்தானே என்று மாமா மருகிப்போய் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல அம்மாவுக்கு எத்தனையோ நாள் வாய்வரைக்கும் வந்திருக்கும். சொன்னால் அவர் தாங்கமாட்டார், சந்தில் நின்று கத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் வண்டி ஓட்டவில்லை. நெஞ்சு போனதற்குக் காரணம் பீடி என்று டாக்டர் எழுதினார். நான் எழுதியிருந்தால் வேறு எழுதியிருப்பேன்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அவரைப் பற்றி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி.

அத்தை காத்திவாக்கத்திலிருந்து வந்திருந்தார். அப்பாவின் அக்கா. இறால் விற்று, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது, தம்பிமேல் உயிராக இருந்தார், அவ்வளவுதான். அப்பாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு, தான் மட்டும் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொல்லி அம்மா கூப்பிட்டும் வரவில்லை. சந்தில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது.

"இன்னா பேசினே என் தம்பிய? மருந்து குடிக்கிற அளவுக்கு இன்னா பேசினே?"

அம்மா உள்ளே படுத்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னாலதான் குடிச்சான்னு உன் வாயால சொல்லு. இனிமே அவன எதுத்துப் பேச மாட்டேன்னு சொல்லு. உன் பொண்ணு தலைமேல கை வச்சி சத்தியமா சொல்லு. இல்லாங்காட்டி அவன இப்பவே என் வூட்டுக்கு இட்டுகினு பூடுவேன். சாவற வரைக்கும் நீ அவன் மொகத்தப் பாக்க முடியாது."

உள்ளேயிருந்து அப்பா, "அக்கா, அவள ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்து மீதியை அடைத்துக்கொண்டது.

எனக்கு அத்தை சொன்னதில் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. நான் தலையைக் காட்டினால் அப்பா எங்களோடு இருப்பார். எங்கள் சந்தில் பிள்ளை தலைமேல் சத்தியம் செய்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. குழாயடியில் குடம் முன்னால் வைத்தது யார் என்பதற்கே எதிர்வீட்டு அம்மா தன் பையன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வாள். என் தலைக்கு அதுவரை அந்த வாய்ப்பு வந்ததில்லை. ஓடிப்போய் அம்மாவுக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்து கொடுத்தேன்.

அம்மாவின் கை மேலே எழுந்தது. என் வகிட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது. பிறகு மடங்கி முந்தானைக்குள் போய்விட்டது.

"என்னாலதான் அண்ணி" என்றாள். "நீங்க சொல்றதெல்லாம் சொல்றேன். அவ தலைல வோணாம். சூடம் ஏத்துங்க, அடிச்சி சொல்றேன்."

"ஏன், பொண்ணு தலைல சொன்னா இன்னா?"

அம்மா என்னைத் தோளைப் பிடித்துத் தன் பின்னால் தள்ளினாள். எதிர்வீட்டிலிருந்து சூடம் வந்தது. வாசற்படியில் வைத்து ஏற்றினார்கள். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "என்னாலதான் அவரு மருந்து குடிச்சாரு. இனிமே எதுத்துப் பேச மாட்டேன்." உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்தாள். ஒரே அடியில் அணையவில்லை, அப்படியே கையை அழுத்தி வைத்திருந்தாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. வலது கையில் துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் எனக்குத் தலை வாரிவிட வந்தாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன். ஏன்டி என்று கேட்டாள், சொல்லவில்லை. ஒரு குடம் தண்ணீருக்காக எதிர்வீட்டு அம்மா தன் பையன் தலையைத் தொடுகிறாள், அப்பாவுக்காகக்கூட என் அம்மா என் தலையைத் தொடவில்லையே என்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் சொல்லப்போவது பொய் என்பதும், அதனால்தான் அந்தக் கை என் தலைக்கு வராமல் நெருப்புக்குப் போனது என்பதும் எனக்குத் தெரியவில்லை.